விற்பனை குறைந்தது, லாப விகிதம் கூடியது: ஒரு ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான். ஒரு ஸ்பெஷாலிட்டி கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் விற்பனை 12 சதவீதம் குறைந்திருக்கிறது. லாப விகிதம் கூடியிருக்கிறது. தலைவர் உரை ‘உறுதியான முன்னேற்றம் கண்ட ஆண்டு’ என்கிறது. புதிய ஆலை ஒன்றுக்குப் பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். உண்மையிலேயே நிறுவனம் முன்னேறியிருக்கிறதா, அடுத்து எந்தப் பக்கம் போகிறது?

அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. எத்தனை டன் விற்றது, ஒரு கிலோவுக்கு என்ன மிஞ்சியது, பணம் எந்த ஆலையில் போய் இறங்கியது ஆகிய மூன்றையும் அறிக்கைக்குள் தேடி எடுத்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். தலைவர் உரையைக் கடைசியில் படித்தால் போதும்.

முதலில் இந்தத் தொழிலின் தன்மை. பென்சீன், காஸ்டிக் சோடா, மெத்தனால் போன்றவற்றை யார் செய்தாலும் பொருள் ஒன்றுதான். விலை குறைந்த இடத்தில் வாங்குவார்கள். ஸ்பெஷாலிட்டி என்பது அது செய்யும் வேலைக்காக வாங்கப்படுவது. பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்காமல் காக்கும் சேர்க்கை, என்ஜின் ஆயிலில் கலக்கும் சேர்க்கை, சிப் தயாரிப்பில் ஓடும் அதிதூய அமிலம், வாசனைப் பொருள், வினையூக்கி எல்லாம் இதில் வரும். பிளாஸ்டிக்கில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் சேரும். அதன் விலை பத்து சதவீதம் ஏறினாலும் வாங்குபவரின் மொத்தச் செலவு அசையாது. ஆனால் அது சரியாக வேலை செய்யாவிட்டால் அவருடைய முழுப் பொருளும் வீண். அதனால் ஒருமுறை சோதித்து ஏற்றுக்கொண்ட பொருளை அவர் லேசில் மாற்றமாட்டார். இந்தத் தொழிலின் லாபமே இந்தப் பிடியில்தான் இருக்கிறது.

இந்தப் பிடி எவ்வளவு வலியது என்பது விபத்து நடக்கும்போது வெளியே தெரிகிறது. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. சிப்புகளை மூடி உறையிடும் எப்பாக்சி ரெசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. சில நாட்களில் மெமரி சிப் விலை தாவிக் குதித்தது. 2012 மார்ச் 31-ல் ஜெர்மனியின் மார்ல் நகரில் எவோனிக் ஆலையில் தீ. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். நைலான்-12-க்கு வேண்டிய இடைநிலைப் பொருள் அங்கே தயாரானது. கார்களின் எரிபொருள் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் அந்த நைலான்தான். அடுத்த மாதமே அமெரிக்காவில் கார் நிறுவனங்களும் உதிரிபாகக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து மாற்றுப் பொருள் தேட வேண்டியதாயிற்று. சாதாரண மெத்தனால் ஆலை ஒன்று நின்றிருந்தால் வேறு இடத்திலிருந்து கப்பல் வந்திருக்கும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் அறிக்கைக்கு வருவோம். விற்பனை மாற்றத்தை நான்காகப் பிரிக்கலாம்: அளவு, விலை, நாணய மாற்று, வாங்கிய அல்லது விற்ற வணிகங்கள். பிஏஎஸ்எஃப், எவோனிக், லான்செஸ் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் இதைத் தனி அட்டவணையாகவே போடுகின்றன. உங்கள் நிறுவனம் போடவில்லையென்றால் நிர்வாக ஆய்வுப் பகுதியில் வாக்கியங்களுக்கு நடுவே கிடக்கும், இல்லையென்றால் முதலீட்டாளர் கூட்டத்தின் எழுத்துப் பதிவில் இருக்கும். தேடி எடுங்கள். அது இல்லாமல் ‘12 சதவீதம் குறைவு’ என்பதற்குப் பொருளே கிடையாது.

ஏன் என்று ஒரு சிறு கணக்கில் காட்டுகிறேன். போன ஆண்டு 1,000 கிலோ விற்றது, கிலோ விலை 100, அதில் மூலப்பொருள் செலவு 70 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியது கிலோவுக்கு 30, அதாவது 30 சதவீதம், மொத்தம் 30,000.

இந்த ஆண்டு மூலப்பொருள் 55-க்கு இறங்கியது, நிறுவனமும் விலையை 85-க்கு இறக்கியது, ஆனால் விற்பனை 1,035 கிலோவாக உயர்ந்தது என்றால் என்ன ஆகும்? விற்பனைத் தொகை சுமார் 88,000. 12 சதவீதம் குறைவு. கிலோவுக்கு மிஞ்சுவது அதே 30தான், விலை குறைந்ததால் விகிதம் 35 சதவீதமாகத் தெரியும். மொத்தம் மிஞ்சியது 31,050. இது ஆரோக்கியமான ஆண்டு.

இன்னொரு விதமாகவும் நடந்திருக்கலாம். மூலப்பொருள் 66-க்கு இறங்கியது, நிறுவனம் விலையை 100-லேயே பிடித்து வைத்தது, வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேறு இடம் போனார்கள், விற்றது 880 கிலோ. விற்பனைத் தொகை 88,000. இங்கேயும் 12 சதவீதம் குறைவு. விகிதம் 34 சதவீதம், இங்கேயும் கூடியிருக்கிறது. மொத்தம் மிஞ்சியது 29,920. மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அறிக்கை. ஆனால் ஒன்றில் நிறுவனம் வளர்ந்திருக்கிறது, மற்றதில் எட்டில் ஒரு பங்கு வணிகம் கையைவிட்டுப் போயிருக்கிறது. இதனால்தான் இந்தத் துறையில் லாபத்தைச் சதவீதமாகப் பார்ப்பதைவிடக் கிலோவுக்கு எவ்வளவு என்று பார்ப்பது மேல் என்கிறேன். பல நிறுவனங்களின் விற்பனை ஒப்பந்தத்திலேயே, மூலப்பொருள் விலை மாறினால் விற்பனை விலையும் மாறும் என்ற சூத்திரம் இருக்கிறது. அப்படி இருந்தால் கச்சா எண்ணெயும் அதோடு மூலப்பொருளும் விலை சரியும் ஆண்டில் விற்பனைத் தொகை குறைவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சூத்திரத்தில் ஒரு தாமதமும் உண்டு. மூலப்பொருள் இன்று இறங்கினால் விற்பனை விலை பெரும்பாலும் அடுத்த காலாண்டில்தான் இறங்கும். நடுவில் வரும் லாபம் நிலைக்காது. நேர்மாறாக, விலை உயர்ந்தபோது வாங்கிக் குவித்த சரக்கு கிடங்கில் இருந்தால், விலை சரிந்த பிறகும் பழைய விலைதான் செலவுக் கணக்கில் ஏறும். இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் ஆல்பமார்ல், லித்தியம் தயாரிப்பில் முன்னணி நிறுவனம். 2022-ல் அதன் விற்பனை சுமார் 730 கோடி டாலர், நிகர லாபம் சுமார் 270 கோடி. 2023-ல் விற்பனை 960 கோடிக்கு ஏறியது. லாபமோ 160 கோடிக்கு இறங்கியது. 2024-ல் விற்பனை சுமார் 540 கோடி, நிகர நட்டம் ஏறக்குறைய 120 கோடி. லித்தியம் விலை 2022 கடைசியில் உச்சம் தொட்டு, அடுத்த ஓராண்டில் சீனச் சந்தையில் 80 சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தது. 2023 அறிக்கையின் விற்பனை வரியை மட்டும் படித்தவருக்கு அது சாதனை ஆண்டு.

இந்த உதாரணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தன்னை ஸ்பெஷாலிட்டி என்று ஒரு நிறுவனம் அழைத்துக்கொள்வதால் அது ஸ்பெஷாலிட்டி ஆகிவிடாது. பொருளின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறதா, நிறுவனமும் வாடிக்கையாளரும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு காலத்தில் அரிதாக இருந்த எத்தனையோ மூலக்கூறுகள், நான்கைந்து பேர் பெரிய ஆலை கட்டியதும் சாதாரணச் சரக்காகிவிட்டன. அறிக்கையில் ‘விலைப் போட்டி’, ‘குறைந்த விலை இறக்குமதி’ என்ற சொற்கள் இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தால், அந்தப் பொருளும் சாதாரணச் சரக்காகிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவதும் இந்தத் துறையில் ஆபத்தானது. 2021-ல் டெக்சாஸைத் தாக்கிய பனிப்புயலில் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் நின்றன. அதே ஆண்டு உலகெங்கும் துறைமுகங்கள் அடைத்துக்கொண்டன, கண்டெய்னர் கிடைக்கவில்லை. பயந்துபோன வாடிக்கையாளர்கள் தேவைக்கு மேல் வாங்கிக் கிடங்கை நிரப்பினார்கள். 2021, 2022 எண்கள் அதனால் வீங்கின. 2023-ல் எல்லாரும் கையிருப்பைக் கரைத்தார்கள், புது ஆர்டர் வரவில்லை. அந்த ஆண்டு நல்ல நிறுவனங்களும் மோசமாகத் தெரிந்தன. குறைந்தது ஐந்து ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்துப் பாருங்கள். கோவிட்டுக்கு முந்தைய 2019-ஐ அடிப்படையாக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பிரிட்டனின் க்ரோடா இதற்கு நல்ல பாடம். 1925-ல் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து லானோலின் எடுக்கத் தொடங்கிய நிறுவனம். 2020-ல் அவான்டி போலார் லிப்பிட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை வாங்கியது. அது செய்யும் கொழுப்புப் பொருட்கள் எம்ஆர்என்ஏ வகைக் கோவிட் தடுப்பூசிக்குத் தேவைப்பட்டதால் அடுத்த இரண்டு ஆண்டுகளும் அமோகம். 2022-ல் தன் தொழில்துறை ரசாயனப் பிரிவின் பெரும்பகுதியை அமெரிக்காவின் கார்கில் நிறுவனத்துக்கு விற்றது. அந்த ஆண்டு சுமார் 209 கோடி பவுண்டாக இருந்த விற்பனை 2023-ல் 169 கோடிக்கு வந்தது. இந்த வீழ்ச்சியில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் கலந்திருக்கின்றன. விற்றுவிட்ட பிரிவு போனது நிறுவனமே எடுத்த முடிவு, அதைக் குறையாக எண்ணக் கூடாது. கோவிட் தேவை போனது எதிர்பார்த்ததே. வாடிக்கையாளர்கள் கையிருப்பைக் கரைத்தது தற்காலிகம். இந்த மூன்றையும் கழித்துவிட்டு மீதியில் என்ன தெரிகிறது என்பதில்தான் நிர்வாகத்தின் திறமை பற்றிய செய்தி இருக்கிறது. உங்கள் நிறுவனத்துக்கும் இதே கழித்தலைச் செய்யுங்கள்.

இனி எதிர்காலத் திசை. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: ஒரு கெமிக்கல் நிறுவனம் எங்கே போகிறது என்பதை அதன் மூலதனச் செலவு, அதாவது ஆலைக்கும் இயந்திரத்துக்கும் போடும் பணம், சொல்கிறது, வேறெதுவும் அவ்வளவு நேர்மையாகச் சொல்வதில்லை. ஆலை என்பது இருபது முப்பது ஆண்டு முடிவு. அறிக்கையின் முன்பக்கத்தில் பசுமை வேதியியல், மின்வாகனம், செமிகண்டக்டர் என்று படங்கள் இருக்கலாம். பின்பக்கத்துக் குறிப்புகளில் பணம் பழைய பொருளின் உற்பத்தித் திறனை இரட்டிப்பாக்கத்தான் போயிருக்கும். அப்படியானால் நிறுவனத்தின் திசை அந்தப் பழைய பொருள்தான். அது தவறு என்று சொல்லவில்லை. உலகத்தில் மூன்றே பேர் செய்யும் ஒரு பொருளில் மலிவான தயாரிப்பாளராக இருப்பது அருமையான வணிகம். ஆனால் அதை அப்படியே தெரிந்துகொண்டு மதிப்பிட வேண்டும்.

புதிய ஆலை கணக்கில் எப்படி நகர்கிறது என்பதையும் கவனியுங்கள். கட்டி முடியும்வரை அது ‘நடப்பில் உள்ள மூலதனப் பணி’ என்ற தலைப்பில் கிடக்கும். அதுவரை தேய்மானம் கிடையாது, அதற்கென வாங்கிய கடனின் வட்டியும் பெரும்பாலும் ஆலையின் விலையோடு சேர்க்கப்படும். ஆலை ஓடத் தொடங்கிய நாளிலிருந்து தேய்மானம், வட்டி இரண்டும் லாப நட்டக் கணக்குக்குள் வந்து விழும். விற்பனையோ உடனே வராது. வாடிக்கையாளர் மாதிரி கேட்பார், தன் ஆய்வகத்தில் சோதிப்பார், சிறிய அளவில் ஓட்டிப் பார்ப்பார், ஆலையைத் தணிக்கை செய்வார். மருந்து, செமிகண்டக்டர், விமானத் துறைகளில் இதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆகவே ஆலை திறந்த முதல் ஆண்டில் லாபம் குறைவது கெட்ட அறிகுறி அல்ல. மூன்றாம் ஆண்டிலும் ஆலை பாதித் திறனில் ஓடினால் அது கெட்ட அறிகுறி. நடப்பில் உள்ள பணி என்று ஒரே தொகை நான்கு ஆண்டாக அசையாமல் நின்றால் அது இன்னும் மோசம். கட்டுமானம் சிக்கலில் இருக்கிறது, அல்லது நட்டத்தை எழுத மனம் வரவில்லை.

ஆலை எந்த வகை என்பதும் முக்கியம். பல பொருட்களை மாற்றி மாற்றிச் செய்யக்கூடிய பேட்ச் ஆலை என்றால், ஒரு பொருளுக்குத் தேவை செத்தாலும் ரியாக்டர் வேறு வேலைக்கு உதவும். ஒரே பொருளுக்காகத் தொடர் முறையில் கட்டிய ஆலையில் செலவு குறைவு, தப்பிக்கும் வழியும் குறைவு. ஒரே பொருள், அதற்கு ஒரே பெரிய வாடிக்கையாளர், அவருடைய காப்புரிமை சில ஆண்டுகளில் முடிகிறது என்றால் அந்த ஆலையின் லாபத்தை என்றென்றைக்கும் நீட்டிக் கணக்குப் போடக் கூடாது.

விதிமுறைகளும் திசையைத் தீர்மானிக்கின்றன, சில சமயம் நிறுவனத்தைவிட உரக்கவே. ஐரோப்பாவின் ரீச் சட்டம் 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் செய்யும் அல்லது இறக்குமதி செய்யும் பொருளுக்குப் பாதுகாப்புத் தரவு கொடுக்காவிட்டால் அங்கே விற்க முடியாது. அந்தத் தரவைத் திரட்டப் பெரும் செலவாகும். சிறிய தயாரிப்பாளர்கள் சிலர் விலகினார்கள், செலவு செய்தவர்களுக்கு அதுவே வேலியாக அமைந்தது. குளிர்சாதன வாயுக்களில் 2016-ன் கிகாலி ஒப்பந்தம் எச்எஃப்சி என்னும் ஃபுளோரின் கலந்த வகைகளைப் படிப்படியாக 80 சதவீதத்துக்கு மேல் குறைக்கச் சொல்கிறது. ஃபுளோரின் வேதியியலில் இருக்கும் எந்த நிறுவனத்தின் அறிக்கையையும் இந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். இயற்கையில் எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களான பிஃபாஸ் பொருட்கள் விஷயத்தில் அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 2022 டிசம்பரிலேயே, 2025 முடிவுக்குள் தயாரிப்பை முழுக்க நிறுத்துவதாக அறிவித்தது. பல கோடி டாலர் விற்பனை உள்ள ஒரு வணிகத்தை, வழக்குகளும் விதிகளும் சேர்ந்து மூட வைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். உங்கள் நிறுவனத்தின் பெரிய பொருட்கள் எந்தப் பட்டியலில் இருக்கின்றன, மாற்று மூலக்கூறு அவர்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு நிறுவனத்தை வாங்கி வளர்வது பற்றிச் சுருக்கமாக. வாங்கும் ஆண்டில் எல்லா எண்களும் அழகாக ஏறும். வாங்கிய நிறுவனத்தின் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை கணக்கில் ‘குட்வில்’ என்று நிற்கும். கொடுத்த விலை அதிகமா என்பது பின்னால் அந்தக் குட்வில்லைக் குறைத்து எழுதும்போது தெரியும். வாசனை, சுவைப் பொருட்கள் செய்யும் அமெரிக்காவின் ஐஎஃப்எஃப் 2021-ல் டூபான்ட்டின் ஊட்டச்சத்து, உயிரி அறிவியல் பிரிவை இணைத்துக்கொண்டது. 2022, 2023 இரண்டிலும் தலா 200 கோடி டாலருக்கு மேல் குட்வில்லை எழுதித் தள்ள வேண்டிவந்தது. இதை ‘பணம் சம்பந்தப்படாத ஒருமுறைச் செலவு’ என்று எல்லா நிறுவனங்களும் சொல்லும். நிறுவனத்தை வாங்கிய அன்றே விலையைக் கொடுத்தாயிற்று, அதனால்தான் இப்போது பணம் சம்பந்தப்படவில்லை.

அறிக்கையில் பலரும் புரட்டிவிட்டுப் போகும் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் பக்கங்களை நான் நிதானமாகப் படிப்பேன். அங்கே வேலைநேரக் காயங்களின் விகிதம் குறைந்ததாக ஒரு வரைபடம் இருக்கும். நல்லதுதான், ஆனால் அது ஆலை வெடிக்காது என்பதற்கு உத்தரவாதம் அல்ல. 2005 மார்ச்சில் டெக்சாஸ் சிட்டியில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். பின்னர் விசாரித்த பேக்கர் குழு கண்டது இதைத்தான்: தனிநபர் காய எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து, செயல்முறைப் பாதுகாப்பும் நன்றாக இருக்கிறது என்று நிர்வாகம் நம்பிவிட்டது. வழுக்கி விழுவதைத் தடுப்பது ஒரு வேலை, அழுத்தக் கலனிலிருந்து கசிவைத் தடுப்பது வேறு வேலை. கசிவு, தீ, அழுத்த வால்வு திறந்த நிகழ்வுகளைத் தனியாக எண்ணிச் சொல்லும் நிறுவனத்தை நான் அதிகம் நம்புகிறேன். அந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்களும் சுற்றி வாழ்கிறவர்களும் இந்தத் தொழிலின் லாபத்தைவிட முக்கியமானவர்கள். தவிர, மார்லில் பார்த்ததுபோல ஒரே விபத்து வாடிக்கையாளர்களை மாற்றுப் பொருள் தேட வைத்துவிடும்.

கழிவு விஷயமும் அப்படித்தான், அது வெறும் நல்லெண்ணக் கணக்கு கிடையாது. வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-ல் ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று கணக்கிட்டு அதற்கு ஈ-காரணி என்று பெயர் வைத்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் 0.1-க்கும் கீழ், பெருமளவு ரசாயனங்களில் 1-க்கும் கீழிருந்து 5 வரை, நுண்ரசாயனங்களில் 5 முதல் 50-க்கு மேலும், மருந்துப் பொருட்களில் 25 முதல் 100-க்கு மேலும் போகும் என்று அவர் காட்டினார். அந்தக் கழிவு முழுவதும் காசு கொடுத்து வாங்கிய மூலப்பொருளும் கரைப்பானும்தான். எரிக்கவும் சுத்திகரிக்கவும் மறுபடி காசு. ஆகவே ஒரு டன் பொருளுக்கான கரைப்பான் பயன்பாடு, கழிவு, நீர், எரிசக்தி ஆகியவை ஆண்டுக்காண்டு குறைந்தால் வேதியியல் மேம்பட்டிருக்கிறது என்று பொருள். வினையூக்கியை மாற்றியிருப்பார்கள், படிகளைக் குறைத்திருப்பார்கள். அந்த முன்னேற்றத்தைப் போட்டியாளர் எளிதில் பார்த்து எழுத முடியாது. ஆராய்ச்சிச் செலவு விற்பனையில் எத்தனை சதவீதம் என்பதைவிட இது எனக்குத் தெளிவான சான்று. கடந்த ஐந்து ஆண்டுகளில் அறிமுகமான பொருட்கள் விற்பனையில் எவ்வளவு என்ற எண்ணை நிறுவனம் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணவரவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து ஆண்டு நிகர லாபத்தையும், தேய்மானத்தையும் கூட்டி, அதே ஐந்து ஆண்டில் செயல்பாட்டிலிருந்து வந்த பணத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். பணம் வெகுவாகக் குறைந்தால் அது சரக்கிருப்பிலோ வரவேண்டிய பாக்கியிலோ மாட்டிக்கொண்டிருக்கிறது. விற்பனை குறைந்த உங்கள் ஆண்டில் சரக்கிருப்பு நாட்கள், அதாவது சரக்கு விற்காமல் கிடங்கில் கிடக்கும் சராசரி நாட்கள், கூடியிருக்கின்றனவா என்று குறிப்பாகப் பாருங்கள். அளவு குறைந்து, சரக்கும் தேங்கியிருந்தால் நான் மேலே சொன்ன இரண்டாவது கணக்குதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம் அந்தப் புதிய ஆலை. அதைப் பற்றி அறிக்கையில் நான்கு விவரங்கள் தேடுங்கள். அந்தப் பொருளை நிறுவனம் சிறிய அளவிலாவது ஏற்கெனவே செய்து விற்றிருக்கிறதா? வாடிக்கையாளர் ஒப்புதல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, வாங்குவதாக ஒப்பந்தம் உண்டா? உலகத்தில் வேறு யாரெல்லாம் அதே மூலக்கூறுக்கு ஆலை கட்டுகிறார்கள்? முழுத் திறனில் ஓடினால், போட்ட ஒவ்வொரு 100-க்கும் ஆண்டுக்கு எவ்வளவு விற்பனை வரும், அந்தக் கணக்கு எந்த ஆண்டின் விலையை வைத்துப் போடப்பட்டது? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான திட்டங்கள் தடுமாறும். 2022-ன் உச்ச விலையை வைத்து முடிவெடுத்த ஆலைகள் நிறைய. அறிக்கையில் இல்லையென்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் அங்கே எழுந்து கேட்கலாம்.